உரும்பிராய்க் கிணறும் திருநெல்வேலி வளாகமும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதியால் வடக்கே போனால் திருநெல்வேலி, கொண்டாவில், அடுத்து உரும்பிராய். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாய் வளாகத்திலிருந்து உரும்பிராய்ச் சந்திக்குச் சைக்கிளில் போக அரைமணி நேரம் போதும். வழியெங்கும் செம்மண் தோட்டங்கள்: வெங்காயம், மிளகாய், புகையிலை, மரவள்ளி, வாழை, இடையிடையே முந்திரிகைப் பந்தல்கள். இவை அத்தனைக்கும் தண்ணீர் கிணற்றிலிருந்துதான் வருகிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கித் தேங்குவதை ஊர் ஆண்டு முழுவதும் இறைத்துக் குடிக்கிறது, இறைத்துப் பயிர் செய்கிறது. பயிர் எடுத்தது போக மிஞ்சும் பசளையும், மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே வெடிப்புகளால் இறங்கி அதே தண்ணீரில் கலக்கின்றன. இது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட செய்தி இல்லை. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை யாழ்ப்பாணத்து ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே அளந்து எழுதிவிட்டார்கள். குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. உரும்பிராய் அடங்கிய வலிகாமப் பகுதியின் தோட்டக் கிணறுகள் பல அந்த வரம்பைத் தாண்டுவதை அன்று தொட்டு இன்று வரை ஆய்வுக்கு மேல் ஆய்வு காட்டி வந்திருக்கிறது.

நாற்பது ஆண்டுகளாகப் பல்கலைக்கழகம் அறிந்திருக்கும் ஒரு விடயம், அரைமணித் தூரத்தில் அந்தத் தண்ணீரைக் குடிப்பவரின் அன்றாட முடிவுகளுக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது? பல்கலைக்கழகத்தின் சமூகப் பொறுப்பைப் பற்றிப் பேச வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன். மாணவரின் உரித்துணர்வு, அதாவது ‘இது என் இடம், இங்கே எனக்கு ஒரு பங்கு உண்டு’ என்ற உணர்வு, அதைப் பற்றிப் பேச வேண்டிய இடமும் இதுவேதான். இரண்டையும் இரு வேறு அலுவலகங்களின் வேலையாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முன்னதற்கு வெளிக்கள நிகழ்ச்சிகள், பின்னதற்கு மாணவர் நலன்புரி. என் வாதம் இது: பல்கலைக்கழகம் தன்னைச் சூழ்ந்த ஊருக்கு எதற்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறதோ, அந்தக் கடமையில் தன் பாடத்தின் வழியாகவே மாணவருக்கும் ஒரு பங்கைக் கொடுக்கும்போதுதான் உரித்துணர்வு உறுதியாக வேரூன்றும். அப்படிக் கொடுக்காத இடத்தில் சமூகப் பொறுப்பு விழாவாகவும் உரித்துணர்வு கோஷ்டியாகவும் சுருங்கிவிடுகின்றன.

பல்கலைக்கழகத்துக்கு ஊர் மீது கடமை உண்டு என்ற எண்ணத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆர்ஜென்டினாவின் கோர்டோபாவில் 1918இல் மாணவர் எழுச்சி ஒன்று நடந்தது. கற்பித்தலோடும் ஆய்வோடும், வளாகத்துக்கு வெளியேயுள்ள மக்களுக்குக் கல்வியை எடுத்துச் செல்வதும் பல்கலைக்கழகத்தின் பணியே என்பதை லத்தீன் அமெரிக்கா அதன் பிறகு தன் மரபாக்கிக்கொண்டது. இந்தியாவில் 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவரோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. பிற்காலத்தில் பிரான்சுவா வலேஸ் போன்ற அறிஞர்கள் ஒரு முக்கியமான திருத்தத்தைச் சொன்னார்கள்: பல்கலைக்கழகம் எவ்வளவு தானம் செய்தது என்று கேட்பது போதாது, தன் கற்பித்தலாலும் ஆய்வாலும் நிர்வாகத்தாலும் சுற்றத்தில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்பதற்கு அது பொறுப்பேற்க வேண்டும். அந்தத் திருத்தம் நூல்களில் ஏற்கப்பட்ட அளவுக்கு நடைமுறையில் ஏற்கப்படவில்லை. இரத்ததானம், கடற்கரைச் சிரமதானம், மரநடுகை, ஒருநாள் மருத்துவ முகாம் ஆகியவையே ஆண்டறிக்கைகளின் சமூகப் பொறுப்புப் பக்கங்களை நிரப்புகின்றன. இவை நல்ல காரியங்கள். ஆனால் ஒரு வங்கியோ விளையாட்டுக் கழகமோ இவற்றை இதே அளவு நன்றாகச் செய்துவிடும். பல்கலைக்கழகம் மட்டுமே செய்யக்கூடியது என்று இவற்றில் எதுவும் இல்லை. 2019 முதல் நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளை வைத்தே பல்கலைக்கழகங்களுக்குச் சர்வதேசத் தரவரிசை போடப்படுகிறது. படத்தோடும் எண்ணிக்கையோடும் காட்டக்கூடிய நிகழ்ச்சிகளுக்கு இதனால் மவுசு இன்னும் கூடியிருக்கிறது.

உரித்துணர்வு பற்றிய ஆய்வு இன்னொரு பக்கத்தில் வளர்ந்தது. மாணவர் ஏன் படிப்பை இடையில் விடுகிறார் என்ற கேள்விக்கு, அவர் கல்வியிலும் சக மாணவரோடும் எவ்வளவு ஒன்றிப்போகிறார் என்பதில் விடை தேடினார் அமெரிக்கரான வின்சென்ட் டின்டோ. கிரெகரி வோல்டனும் ஜெஃப்ரி கோயனும் 2011இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு பரவலாக அறியப்பட்டது. புதிதாகச் சேர்ந்த மாணவரிடம், ‘இந்த இடம் எனக்குரியதா’ என்ற தயக்கம் எல்லாருக்கும் வருவது, காலப்போக்கில் தீர்வது என்று உணரச் செய்யும் ஒரு மணி நேரப் பயிற்சி கொடுக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளில் கறுப்பின மாணவரின் புள்ளிகள் உயர்ந்து, வெள்ளையின மாணவரோடு இருந்த இடைவெளி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. உரித்துணர்வு படிப்பைத் தொடும் ஒன்று என்பதற்கு இது வலுவான சான்று. ஆனாலும் இந்த ஆய்வுகளின் பார்வை பெரும்பாலும் ஒரு திசையில்தான் போகிறது: நிறுவனம் மாணவரை ஏற்றுக்கொள்கிறதா, அரவணைக்கிறதா? மாணவர் எதற்காவது தேவைப்படுகிறாரா என்ற கேள்வி அதில் ஓரமாகவே நிற்கிறது. நாலு பேருக்குத் தேவைப்படும் வேலை கையில் இருப்பவர், தன்னை ஏற்றுக்கொண்டார்களா என்று அடிக்கடி கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

உரும்பிராய்க்கு இந்த விவாதத்தில் ஒரு தனி இடம் உண்டு. 1970களின் தொடக்கத்தில், பேராதனைப் பொறியியல் பீடத்தில் இடம் பெறத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகளும் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளிகளும் வெட்டுப்புள்ளியாக வைக்கப்பட்டன. மருத்துவத்துக்கு அது 250, 229. பின்னர் மொழிவாரித் தரப்படுத்தலும் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. பல்கலைக்கழகம் தங்களை வெளியே நிறுத்துகிறது என்ற உணர்வு யாழ்ப்பாணத்து இளைஞரை 1970இல் தமிழ் மாணவர் பேரவையாகத் திரட்டியது. உரும்பிராயைச் சேர்ந்த இளம் போராளி பொன். சிவகுமாரன் அந்தச் சூழலில் உருவானவர். 1974 ஜூன் 5 அன்று, பொலிசாரிடம் அகப்படும் நிலையில், 23 வயதில் சயனைட் அருந்தி இறந்தார். அதற்கு நான்கு மாதம் கழித்து, 1974 ஒக்டோபர் 6ஆந் திகதி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் திறந்து வைக்கப்பட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில், பேராசிரியர் க. கைலாசபதியை முதல் தலைவராகக் கொண்டு அது இயங்கத் தொடங்கியது. 1979 ஜனவரியில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

இரண்டு நிகழ்வுக்கும் இடையே நேரடிக் காரணத் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. வளாகம் அமைக்கும் முடிவுக்கு வேறு அரசியற் கணக்குகள் இருந்தன. தமிழருக்கான பல்கலைக்கழகம் திருகோணமலையில் அமைய வேண்டும் என்று வாதாடியவர்களும் பலர். ஆனால் ஒரே காயத்திலிருந்து வந்தவை இரண்டும். ‘இந்த நாட்டின் உயர்கல்வியில் எனக்கு இடம் உண்டா’ என்ற கேள்வி பதிலின்றிப் போனால் என்ன ஆகும் என்பதை நேரில் கண்ட ஊருக்கு அருகில் பிறந்தது இந்தப் பல்கலைக்கழகம். அதன் சமூகப் பொறுப்பு பின்னாளில் திட்ட அறிக்கை எழுதிச் சேர்த்துக்கொண்ட அலங்காரமாக இருக்க முடியாது. இதே வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். யாழ்ப்பாணம் இழப்பாக உணர்ந்த அதே மாவட்ட ஒதுக்கீடு, நல்ல ஆய்வுகூடமும் கணித ஆசிரியரும் இல்லாத வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் ஒரு கதவைத் திறந்தது. இன்று அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ அந்தக் கதவால் வரும் மாணவருக்கு, திருநெல்வேலி வளாகம் முதல் நாளிலேயே தன் வீடாகத் தெரிய வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.

இந்தப் பல்கலைக்கழகம் தன் கடமையைப் பாடத்துக்குள் கொண்டுவந்த இடமும் உண்டு. 1978இல் தொடங்கிய மருத்துவ பீடத்தில் சமுதாய மருத்துவத்தைக் கட்டியெழுப்பியவர் பேராசிரியர் செ. சிவஞானசுந்தரம். வாசகர்களுக்கு அவர் ‘மலைக்கொழுந்து’ எழுதிய நந்தி. நோயாளி கட்டிலில் படுத்த பிறகுதான் மருத்துவம் தொடங்குகிறது என்ற எண்ணத்தை அவர் மாணவரிடமிருந்து அகற்ற முயன்றார். வீடு, கிணறு, கழிப்பிடம், தாயின் உணவு என்று ஊரையே பாடநூலாக்கினார். கொண்டாவிலில் மருத்துவ பீடம் நடத்தும் குடும்ப மருத்துவ நிலையம் அந்தச் சிந்தனையின் தொடர்ச்சி. உள மருத்துவத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலம் முழுவதும் ஒரு கடுமையான உண்மையோடு வேலை செய்தார்: காயப்பட்டவர்களின் தொகை வைத்தியர்களின் தொகையை எங்கோ விஞ்சிவிட்டது. ஆசிரியர்களுக்கும் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கும் உளநலப் பயிற்சி கொடுப்பது அதற்கு அவரும் சகாக்களும் கண்ட வழி. தமிழில் கைநூல்கள் அந்தத் தேவையிலிருந்து வந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் போனபோது பல்கலைக்கழகமும் கூடவே சிதறியது, பின் திரும்பி வந்தது. அந்த ஆண்டுகளில் மருத்துவ மாணவர் பற்றாக்குறையான ஆளணியின் ஒரு பகுதியாகவே இருந்தார்கள். பயிற்சியும் கடமையும் அங்கே பிரிந்திருக்கவில்லை.

மருத்துவ பீடத்தின் நிலை விதிவிலக்கு, ஏனென்றால் மருத்துவம் தொழிலாகவே மனிதரைத் தொடுகிறது என்று சொல்லலாம். இரசாயனமும் புவியியலும் சட்டமும் கணக்கியலும் அப்படியா? அதற்கு உரும்பிராய்க் கிணற்றடியில் விடை கிடைக்கிறது. ஒரு தோட்டக் கிணற்றின் கதையில் எத்தனை துறைகள் அடங்கியிருக்கின்றன என்று பாருங்கள். துலாவும் பட்டையும் இருந்த காலத்தில், மனித உழைப்பின் எல்லையே இறைப்பின் எல்லையாக இருந்தது. இறைக்கும் மெசின் வந்ததும் அந்த எல்லை போயிற்று. யூரியா வந்தது, விளைச்சல் கூடியது, நைத்திரேற்றும் கூடியது. 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயும் இரசாயனப் பசளையும் கட்டுப்பட்டபோது தோட்டம் மறுபடி எருவுக்கும் குழைக்கும் திரும்பியது. பாதை திறந்தபோது யூரியா மீண்டும் வந்தது. பின்னர் சுன்னாகத்தில் அனல் மின் உற்பத்தியின் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரம் வெடித்தது. அயற்கிராமங்களில் மக்கள் தங்கள் கிணற்றை நம்ப முடியாமல் பவுசர் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு தீர்ப்பாயிற்று. 2021இல் அரசு இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே ஆணையில் தடை செய்தது, சில மாதங்களில் திரும்பப் பெற்றது. அந்த இடைவெளியில் எந்தப் பயிருக்கு எவ்வளவு எரு, எந்த மண்ணில் எத்தனை போகம் தாங்கும் என்று ஊர்வாரியான கணக்கு விவசாயி கையில் இருந்திருந்தால் சேதம் குறைந்திருக்கும். அந்தக் கணக்கை ஆண்டாண்டாகச் சேர்த்து வைத்திருக்கக்கூடிய நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது.

நீரை அளப்பது இரசாயன மாணவரின் வேலை. எந்தக் கிணறு எந்தக் கல்லின் மேல் நிற்கிறது, மாரியில் எவ்வளவு ஏறுகிறது என்பது புவியியல் மாணவருடையது. குறைந்த யூரியாவில் வெங்காயத்தின் இலாபநட்டக் கணக்கு வணிக மாணவருடையது. நட்டஈட்டு வழக்கில் சாதாரண குடியானவர் எதை ஆதாரமாகச் சேர்க்க வேண்டும் என்பது சட்ட மாணவருடையது. கர்ப்பிணிக்கும் பால்குடிக் குழந்தைக்கும் எந்தத் தண்ணீர் என்பது மருத்துவ, தாதியியல் மாணவருடையது. ஏனென்றால் மிகை நைத்திரேற்று முதலில் தாக்குவது, பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் சிசுக்களின் இரத்தத்தின் ஒட்சிசன் தாங்கும் திறனைத்தான். இவை அனைத்தையும் வீட்டுக்காரருக்கு விளங்கும் தமிழில் எழுதி, சனசமூக நிலையத்தின் பலகையில் ஒட்டுவது மொழித்துறை மாணவருடையது. உள்ளெடுக்கும் நைத்திரேற்று உடலில் சில நிலைமைகளில் புற்றுநோய்க் காரணியாக இருக்க மிகுந்த வாய்ப்புண்டு என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010இல் வெளியிட்ட மதிப்பீட்டில் வகைப்படுத்தியது. இதைப் பீதி கிளப்பாமலும் மழுப்பாமலும் ஒரு தாய்க்குச் சொல்வது எப்படி? இது ஒரு இறுதியாண்டு ஆய்வுக்கே போதுமான கேள்வி. தாழையடியில் 2024இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்ட பிறகு கிணற்றுக் கவலை எதற்கு என்று கேட்பவர் உண்டு. குழாய்த் தண்ணீர் குடிக்க வரும். தோட்டத்துக்கு வராது. வெங்காயத்துக்கும் வாழைக்கும் நிலத்தடி நீரே கதி.

இப்படிப்பட்ட வேலை மாணவருக்கு என்ன செய்கிறது என்பதற்குச் சான்று இருக்கிறதா? சேவைவழிக் கற்றல் பற்றிய 62 ஆய்வுகளை, அவற்றில் 11,837 மாணவரை, செலியோவும் டுர்லாக்கும் டிம்னிக்கியும் 2011இல் தொகுத்து ஆராய்ந்தார்கள். கற்றல் மீதான மனப்பாங்கு, தன் மீதான மதிப்பு, சமூக ஈடுபாடு, சமூகத் திறன், கல்விப் பெறுபேறு ஆகிய ஐந்திலும் முன்னேற்றம் தெரிந்தது. என் வாதத்துக்கு அதைவிட முக்கியமானது அவர்கள் கண்ட மற்றொன்று. பாடத்திட்டத்தோடு இணைப்பு, மாணவருக்கு முடிவெடுப்பில் குரல், சமூகத்தினரின் பங்கேற்பு, செய்ததைப் பற்றிச் சிந்தித்து எழுதும் வாய்ப்பு ஆகியவை இருந்த இடங்களில் விளைவு பெரிதாக இருந்தது. வெறுமனே வேலைக்கு அனுப்பிய இடங்களில் அவ்வளவு இல்லை. சிரமதானத்துக்குப் பஸ் பிடித்துப் போய்வரும் மாணவருக்கும், ஒரே இருபது கிணறுகளை நான்கு அரையாண்டுகள் தொடர்ந்து அளக்கும் மாணவருக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இரண்டாமவரை ஊர் முகம் பார்த்து அடையாளம் காணும். போன முறை எங்கள் கிணற்றின் முடிவு என்ன என்று கேட்கும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பதால் அவர் தன் பாடத்தை வேறு விதமாகப் படிப்பார்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலாவது, உரித்துணர்வே ஐயத்துக்குரியது என்பது. இது பலமான மறுப்பு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் உரித்துணர்வை மிகத் தீவிரமாக ஊட்டுவது பகிடிவதைதான். அவமானத்தைச் சேர்ந்து தாங்கியவர்கள் ஒரு ‘பற்ச்’ ஆகிறார்கள் என்பது அதன் தத்துவம். 1997இல் பேராதனையில் ஒரு தமிழ் மாணவர் அதனால் உயிரிழந்தார். அடுத்த ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கியது. ஆனாலும் அது ஒழியவில்லை. யாழ்ப்பாணத்தில் 2016 ஜூலை 16ஆந் திகதி, விஞ்ஞான பீடப் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனத்தைச் சேர்ப்பது பற்றித் தொடங்கிய பிணக்கு, தமிழ் மாணவருக்கும் சிங்கள மாணவருக்கும் இடையே கைகலப்பாகிப் பல்கலைக்கழகத்தையே சில நாள் மூட வைத்தது. இரு தரப்புக்கும் உரித்துணர்வு குறைவாக இருந்ததால் அது நடக்கவில்லை. இந்த இடம் யாருடையது என்பதில் இரு உரித்துணர்வுகள் மோதின. போருக்குப் பின் ஊர் பெரும் காயத்தோடு இருக்கையில், தெற்கிலிருந்து வந்த மாணவருக்கு அந்தக் காயத்தை அறியும் வழி எதுவும் கொடுக்கப்படவில்லை. ஊருக்கும் அவர்களை அறியும் வழி இருக்கவில்லை. வரவேற்பு விழா ஒன்றைத் தவிர இரு தரப்பும் சந்திக்கும் களம் அரிதாக இருந்தால், அந்த விழாவே போர்க்களமாவதில் வியப்பில்லை.

கிணறு அளக்கப் போவதால் இன முரண் தீர்ந்துவிடும் என்று சொல்வது பேதைமை. அதைத் தீர்க்க வேண்டியது அரசியல். ஆனால் சின்னங்களைச் சுற்றிக் கட்டப்படும் உரித்துணர்வுக்கும் கடமையைச் சுற்றிக் கட்டப்படும் உரித்துணர்வுக்கும் இயல்பில் வேறுபாடு உண்டு. முன்னதில் ஒருவர் பெறும் இடம் இன்னொருவர் இழக்கும் இடமாகத் தோன்றும். பின்னதில் வேலை செய்ய ஆள் கூடினால் எல்லாருக்கும் சுமை குறையும். காலியிலிருந்து வந்த மாணவி உரும்பிராய் வீடொன்றில் நீர் மாதிரி எடுக்கப் போனால் அவருக்குத் தமிழ் பேசத் தெரிந்திருக்க வேண்டும். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும் பீடத்தில் தமிழைப் படிக்கத் தூண்டும் மிகச் சிறந்த காரணம் அதுவாகத்தான் இருக்கும். நுவரெலியாத் தோட்டத்திலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வரும் மாணவருக்கும் இதில் ஒரு நன்மை இருக்கிறது: யாழ்ப்பாணத்துப் பெரிய பாடசாலைகளின் பழைய மாணவர் சங்க வலைப்பின்னல்கள் அவருக்குக் கொடுக்காத இடத்தை, செய்த வேலை கொடுக்கும்.

இதோடு ஒட்டிய மற்றொரு மறுப்பு, ஊர் என்பது ஒன்றல்ல என்பது. இது முழுக்க உண்மை. யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்குச் சாதி வரலாறு உண்டு. யார் அள்ளலாம், யார் பிறர் அள்ளி ஊற்றும் வரை காத்து நிற்க வேண்டும் என்ற விதி ஆண்டாண்டு காலம் இருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலில் சாதித் தடைக்கு எதிரான ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோதும் தண்ணீருக்கான போராட்டங்கள் முடிந்திருக்கவில்லை. ஆகவே ‘சமூகத்தோடு இணைந்து’ என்று சொல்லிக்கொண்டு கோவில் தர்மகர்த்தாக்களையும் ஓய்வுபெற்ற அதிபர்களையும் மட்டும் கூட்டிக் கூட்டம் போட்டால், பல்கலைக்கழகம் இருக்கும் மேலாண்மைக்கு முத்திரை குத்துவதாகவே முடியும். எந்தக் கிணறு அளக்கப்படுகிறது, எந்தக் குடியிருப்பு விடுபடுகிறது என்பதையே ஆய்வின் முதற் கேள்வியாக்க வேண்டும். காணியில்லாதவர் பொதுக் கிணற்றை நம்பியிருக்கிறார். அவருடைய தண்ணீர் எப்போதும் கடைசியாகவே அளக்கப்படும், யாராவது முன்கூட்டியே முடிவெடுத்து அங்கே முதலில் போனாலொழிய.

மூன்றாவது மறுப்பு யாழ்ப்பாணத்துக்கே உரியது. சமூகப் பொறுப்பு என்ற பெயரில் சமூகத்தின் பக்கம் சாய்ந்தால் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி என்ன ஆகும்? போர்க்காலத்தில் அரசும் இயக்கங்களும் பல்கலைக்கழகத்தைத் தத்தமக்குரியதாக உரிமை கோரின. அதன் விலையை மிகத் துயரமாகக் கொடுத்தவர்களில் ஒருவர் உடற்கூற்றியல் துறைத் தலைவர் வைத்தியர் ராஜினி திராணகம. மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பை 1988இல் சகாக்களோடு தொடங்கினார். எல்லா ஆயுதத் தரப்புகளின் மீறல்களையும் பதிவு செய்தார். ‘முறிந்த பனை’ என்ற நூலை அவரும் சகாக்களும் சேர்ந்து எழுதினார்கள். 1989 செப்டெம்பர் 21 அன்று, திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சமூகப் பொறுப்பின் மிக உயர்ந்த வடிவம் எது என்று என்னைக் கேட்டால், வளாகத்தின் வரலாற்றில் இதைத்தான் காட்டுவேன். சமூகத்துக்குப் பொறுப்பாக இருப்பது சமூகம் கேட்க விரும்புவதைச் சொல்வதாக இருக்க முடியாது. நைத்திரேற்று விடயத்திலும் இது பொருந்தும். உங்கள் தோட்டமும் உங்கள் மலக்குழியும்தான் உங்கள் கிணற்றைக் கெடுக்கின்றன என்பதை விவசாயி முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியிருக்கும். ஆண்டுக்கணக்காக ஒரு ஊரோடு பழகிய மாணவரும் ஆசிரியரும் சொன்னால் அது கேட்கப்படும் வாய்ப்பு அதிகம். அறிக்கை ஒன்றை வெளியிட்டுவிட்டு ஒதுங்கினால் கேட்கப்படாது.

அதே வளாகத்தில் 2021 ஜனவரி 8 இரவு முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடித்து அகற்றப்பட்டது. மாணவர் உண்ணாவிரதமிருந்தார்கள். மூன்றாம் நாள் துணைவேந்தரே மீளக் கட்டுவதற்கான அடிக்கல்லை நாட்டினார். நினைவு கூரும் உரிமைக்கும் இந்தக் கட்டுரை பேசும் கடமைக்கும் இடையே போட்டி இல்லை. இறந்தோரை நினைக்கும் இடத்தைப் பறித்துவிட்டு, அந்த மாணவரிடம் ஊருக்குச் சேவை செய்யச் சொல்ல எந்த நிர்வாகத்துக்கும் தகுதி கிடையாது. மாணவருக்குக் குரல் கொடுப்பது என்றால், நிர்வாகத்துக்கு அசௌகரியமான குரலையும் கேட்பது.

கடைசி மறுப்பு வளம் பற்றியது. எனக்கு அதுதான் மிகக் கடினமானது. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் விரிவுரையாளர் பலர் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். இருப்பவர் தலையில் பாடச் சுமை கூடிவிட்டது. மாணவரில் பலர் மகாபொலப் புலமைப்பரிசிலோடு பகுதிநேர வேலையையும் நம்பிப் படிக்கிறார்கள். இந்த நிலையில் ஊர் வேலையையும் அவர்கள் மீது ஏற்றுவது, அரசு செய்ய வேண்டியதைச் சம்பளமில்லா மாணவர் உழைப்பால் நிரப்புவது ஆகாதா? மெக்சிக்கோ 1936 முதல் மருத்துவ மாணவருக்குச் சமூக சேவை ஆண்டைக் கட்டாயமாக்கியது. மருத்துவரே காணாத கிராமங்களுக்கு அதனால் மருத்துவம் போனது உண்மை. ஆண்டுதோறும் ஆள் மாறிக்கொண்டே இருந்ததும், ஏழைக் கிராமங்கள் அனுபவமற்றவரின் பயிற்சிக் களங்களாக இருந்ததும் அதே அளவு உண்மை. இதிலிருந்து நான் எடுக்கும் பாடம், இந்த வேலை பாடத்தின் மேல் கூடுதலாக வைக்கப்படக் கூடாது, பாடத்துக்குள் இருக்கும் ஒன்றின் இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பது. ஆய்வுகூடத்தில் ஏற்கெனவே விடை தெரிந்த கரைசலை அளக்கும் செய்முறைப் பரீட்சை இருக்கிறது. அதே மணிநேரத்தில் அதே முறையால், விடை தெரியாத கிணற்று நீரை அளக்கலாம். இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரை எல்லாரும் எழுதத்தான் வேண்டும். நூலகத் தட்டில் கிடக்கப் போகும் தலைப்புக்குப் பதில், முந்தைய ஆண்டின் மாணவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் தலைப்பை எடுக்கலாம். ஆள் மாறினாலும் பதிவேடு மாறாமல் துறையில் இருந்தால், மெக்சிக்கோவின் குறை பெருமளவு தீரும். திணைக்களமும் பிரதேச சபையும் செய்ய வேண்டியதை அந்தப் பதிவேடு செய்யாது. அவர்கள் செய்யாததை எண்களோடு காட்டும்.

படித்து முடித்ததும் பாதிப் பேர் கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போகப் போகிறார்கள், அவர்களுக்கு உரும்பிராயின் மீது உரித்துணர்வு எதற்கு என்பதும் கேட்கப்படும் கேள்வி. போகிறவர் போகட்டும். உரும்பிராயிலிருந்தே புலம்பெயர்ந்தவர்கள் கோவிலுக்கும் பாடசாலைக்கும் பணம் அனுப்பி வருகிறார்கள். ஊரை அறிந்து போனவரின் உதவி, ஊரின் தேவையை அறிந்த உதவியாக இருக்கும். அதைவிட, 2017இல் வடக்கில் பட்டதாரிகள் மாதக்கணக்கில் வேலை கேட்டுத் தெருவில் அமர்ந்திருந்ததை மறக்கக் கூடாது. பட்டத்தைக் கொடுத்த நிறுவனமும் பட்டத்தை வாங்கியவரும் சூழ்ந்திருந்த பொருளாதாரத்தோடு ஒட்டாமல் ஆண்டுகளைக் கழித்திருந்தால், வெளியே வரும்போது அரச நியமனம் ஒன்றைத் தவிர வேறெதையும் கற்பனை செய்வது கடினம்.

ஆகவே கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. துறையொன்று ஊரொன்றைப் பத்து ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கட்டும். ஊரார் பிரதிநிதிகள், அவர்களில் காணியற்றவரும் பெண்களும் கட்டாயமாக, என்ன ஆராயப்பட வேண்டும் என்று சொல்லும் இடத்தில் இருக்கட்டும். ஒரு வீட்டிலிருந்து மாதிரியோ தகவலோ எடுத்தால், அதன் முடிவு இரண்டு மாதத்துக்குள் தமிழில், எழுத்தில், அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதை ஆய்வு நெறிமுறைக் குழு விதியாக்கட்டும். முடிவைத் திருப்பிக் கொடுக்காத ஆய்வுக்கு மாணவருக்கும் புள்ளியில்லை, மேற்பார்வையாளருக்கும் பதவி உயர்வில் கணக்கில்லை என்றாகட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இதற்காகத் தனி நிதி ஒதுக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை. இரசாயனத் துறையின் அடுத்த செய்முறை வகுப்பிலேயே, உரும்பிராயின் ஒரு கிராம அலுவலர் பிரிவில், பொதுக் கிணறுகளிலிருந்து தொடங்கலாம்.